அந்தோனி சேர் இழுத்த வயர்

வயரிங் வேலையில் புது வீடு கிடைத்தால் வேலை முடிந்த பிறகு கும்பிடலாம். பழைய வீடு கிடைத்தால் உள்ளே போகும் முன்பே கும்பிட்டுக்கொள்ள வேண்டும். ஏணியும் டெஸ்டருமாகப் பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களும் கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டுச் சீலிங்குக்கு மேலே என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வருகிற எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் புசல்லாவைத் தோட்டத்துப் பக்கம் பிறந்தவன். கண்டியில் வயரிங் செய்யத் தொடங்கி இருபத்திரண்டு வருஷமாகிறது. கூட்டாளி ரஹீம் நானா, கலகெதர ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுவர் வெட்டுவதும் பைப் பதிப்பதும் அவர் வேலை. வயர் இழுப்பதும் இணைப்பதும் என் வேலை. வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்குவது மட்டும் இரண்டு பேருக்கும் பொது. போன வருஷம் ஹந்தானை ஏற்றத்தில் ஒரே வீட்டில் நாங்கள் கிடந்த நான்கு நாளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

திங்கட்கிழமை வந்த மெஷின்

ஹந்தானை ரோட்டில் பஸ் திரும்புகிற இடத்துக்கு மேலே அறுபது படி ஏறினால் பிலோமினா டீச்சர் வீடு. டீச்சர் பென்ஷன் எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. கணவர் அந்தோனி சேர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். நெஞ்சு பழுதாகி ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் புதிதாக மருந்து ஒன்றும் இல்லை, ஒக்சிஜன் மெஷின் இரவு பகலாக ஓடினால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷனுக்கோ வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரே பிடிவாதம்.

வாடகைக்கு மெஷின் வந்தது. கொண்டுவந்தவர் படுக்கையறைப் பிளக்கைக் குனிந்து பார்த்தார். வட்டத் துளை இரண்டு இருந்தது, மூன்றாவது துளையைக் காணோம். எர்த் இல்லாத வீட்டில் இதைப் பூட்ட மாட்டேன், கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் மாட்டேன் என்று சொல்லி, மெஷினை முன் ஹோலில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அந்த மனுஷன் செய்தது சரி. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நான் போனபோது டீச்சர் மெஷினுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தூசு படாமல் மூடி வைத்திருந்தார். என்னைக் கதிரையில் உட்காரக்கூட விடவில்லை.

"வெள்ளிக்கிழமை இவர அனுப்புறாங்க தம்பி. அதுக்குள்ள ஒரே ஒரு நல்ல பிளக் பொயின்ட் போட்டுக் குடுங்க, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மத்ததெல்லாம்

மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லாத வீட்டுக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நீங்களும் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

பழைய வயரை அடையாளம் காண பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. உருண்டையான கறுப்புச் சுவிட்ச். சுவரோடு ஒட்டி ஓடுகிற மரச்சட்டம், அதற்கு மரத்திலேயே ஒரு மூடி. மூடியைக் கழற்றினால் உள்ளே நூல் சுற்றின வயர் இரண்டு, இரண்டுமே கறுப்பு. எதில் கரண்ட் வருகிறது, எதில் திரும்பிப் போகிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. நூலுக்குள்ளே இருக்கிற றப்பர் காய்ந்து, மெதுவாக வளைத்தாலே பிஸ்கட் மாதிரி உதிரும். மெயின் போர்டில் பீங்கான் பியூஸ் ஆறு இருந்தன. மயிர் மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில், துணி காயப்போடுகிற கம்பி அளவுக்கு ஒன்றை முறுக்கி வைத்திருந்தார்கள். வீடு எரிந்தாலும் அந்தப் பியூஸ் எரியாது.

பிறகு படுக்கையறை லைட்டை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிற பாதையில் இருக்க வேண்டிய சுவிட்சைத் திரும்பிப் போகிற பாதையில் போட்டிருந்தார்கள். லைட்தான் அணையும், கரண்ட் அங்கேயே காத்துக்கொண்டு நிற்கும். சுவிட்சை நம்பி இத்தனை வருஷம் இந்த வீட்டில் பல்ப் மாற்றியவர்கள் உயிரோடு இருப்பதே பெரிய காரியம். ரஹீம் நானா மரமூடியை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்து மூடினார்.

"சிவா, இதத் தொடாம விட்டா இன்னும் பத்து வருஷம் ஈக்கும், தொட்டா நாங்க வீடு முழுக்க மாத்தித்தான் எறங்கணும்."

பிரிட்ஜுக்கு முன்னால் செருப்பு

வீடு முழுக்க என்று அன்றைக்கே டீச்சரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சொல்லலாம் என்று குசினிக்குப் போனேன். பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சோடி றப்பர் செருப்பு, வாசலைப் பார்த்தபடி ஒழுங்காக வைத்திருந்தது. வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நானும் வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். டீச்சர் பால் எடுக்க வந்தார். செருப்பை மாட்டினார், பிரிட்ஜைத் திறந்தார், பாலை எடுத்தார், மூடினார், செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்தார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் எழும்புகிற மாதிரி, யோசனையே இல்லாமல் நடந்தது.

புறங்கையால் பிரிட்ஜ் கதவைத் தொட்டுப் பார்த்தேன். சுர்ரென்று ஏறியது. என் ஆயுசில் பாதி போய்விட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். வாங்கின நாளிலிருந்தே என்றார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு முதலில் காட்டுவது கக்கூஸ் இருக்கிற இடம், இரண்டாவது இந்தச் செருப்பு. எனக்கு வந்த கோபத்தில், இது ஆளைக் கொல்லும் டீச்சர் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. எனக்கு முன்னால் பால் தேத்தண்ணியை வைத்தார்.

"கொஞ்சம் கடிக்கும் தம்பி, அவ்வளவுதான். கடிக்கிற நாயக்கூடத்தான் வீட்டில வச்சிருக்கோம்."

எருமை

அந்தக் கோபத்தோடே சீலிங்குக்கு மேலே ஏறினேன். டோர்ச் அடித்துப் பார்த்தால், பழைய வயரிலிருந்து கிளை கிளையாகப் புது வயர் பிரிந்து போயிருக்கிறது. பாத்ரூமுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, கோழிக்கூட்டுக்கு ஒன்று. கோழியே இல்லை, கூட்டுக்கு லைட் இருக்கிறது. பிரிகிற இடத்தில் எல்லாம் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டர்! ஆஸ்பத்திரியில் ஊசி குத்தின இடத்தில் ஒட்டுவார்களே, அதே பிளாஸ்டர். ஜொயின்ட்டுக்கு ஜொயின்ட் அதைச் சுற்றி, நுனியை அழகாகக் கத்தரித்தும் விட்டிருந்தது.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? எந்த வீட்டில் ஏறினாலும் நமக்கு முன்னால் வேலை செய்தவனை நான்கு வார்த்தை ஏசிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்போம். நானும் ஏசினேன். சீலிங்கில் இருந்தபடியே, கீழே கேட்கிற மாதிரி, எந்த எருமை டீச்சர் இந்த வேலையைப் பார்த்தது, கண் தெரியாதவனா, கொலைகாரனா என்று கத்தினேன். ரஹீம் நானா என் காலைப் பிடித்து இழுத்தார். இறங்கிப் பார்த்தால் டீச்சர் ஏணிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்த எருமை இப்ப ஆஸ்பத்திரியில பதினோராவது கட்டில்ல இருக்கு, தம்பி."

ஐந்து மணிப் போன்

அதற்குப் பிறகு நான் தலை நிமிரவில்லை. டீச்சர்தான் ஆறுதல் சொன்னார். சேருக்கு வயர் வேலை என்றால் உயிராம். கச்சேரியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவாராம், ஏணியைத் தூக்குவாராம். வெளியாள் யாரையும் போர்டைத் தொட விட்டதே இல்லையாம். முழுவதையும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மூன்று அறைக்கும் குசினிக்கும் முதலில் புது வயர் போடுவது, மற்ற இடங்களில் பழையதைக் கழற்றி மட்டும் விட்டுப் புதியதைப் பிறகு போடுவது என்று முடிவானது.

தினமும் ஐந்து மணிக்கு சேர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுப்பார். அன்றைக்கும் எடுத்தார். டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி பேசினார். ஒரு பிளக் பொயின்ட்தான் போடுறாங்க. இல்ல, வேற ஒண்ணும் தொடல. சீலிங்கா? ஏறவே இல்ல. பக்கத்தில் ரஹீம் நானா உளியையும் சுத்தியலையும் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றார். அவருக்குப் பின்னால் சுவர் மேலிருந்து கீழ் வரை பிளந்து கிடந்தது. போனை வைத்துவிட்டு டீச்சர் கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தெரிஞ்சா கத்துவார், கத்தினா மூச்சு நின்னுரும். வாத்தியார் வேல பாத்தவ நான், பொய் சொல்லிப் பழக்கமில்ல தம்பி."

வாழை மரத்தடி

புதன்கிழமை எர்த்தைத் தேடினோம். இருக்கிறது, சேர் போட்டிருக்கிறார் என்று டீச்சர் சாதித்தார். பார்த்தால் இருக்கத்தான் செய்தது. மெயின் போர்டிலிருந்து பச்சை வயர் ஒன்று குசினிச் சுவரைத் துளைத்து வெளியே போய், தண்ணி பைப்பில் இறுக்கமாகக் கட்டியிருந்தது. ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இரும்பு பைப் மண்ணுக்குள் ஓடியது, கரண்ட் கசிந்தால் அதோடு இறங்கிப் போகும். ஆனால் இடையில் யாரோ பைப் வேலை செய்கிற பாஸ் ஒருவர் வந்து, துருப்பிடித்த இரும்பைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் பைப் போட்டிருக்கிறார். பச்சை வயரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனுஷன், அதைப் பிளாஸ்டிக் பைப்பிலேயே திரும்பவும் கவனமாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, புது எர்த் கம்பி அடிப்போம் என்றால், ஹந்தானையில் எங்கே அடிப்பது? வாசலில் இரண்டு அடியில் பாறை. பின்பக்கம் ஒரு அடியில் பாறை. மூன்றாவது இடத்தில் கம்பி வளைந்தே போனது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கட்டில் தேவைப்படுகிறதாம், வெள்ளிக்கிழமை இல்லை, நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். முடியாவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்களாம். டீச்சர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். முடியும் என்று தலையாட்டிவிட்டேன். எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

ரஹீம் நானா அவசரப்படவில்லை. சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குசினித் தண்ணி வந்து விழுகிற மூலையில் வாழை நான்கைந்து செழித்து நின்றன, ஒன்றில் குலையும் இருந்தது. அங்கே கம்பியை நட்டு அடித்தார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி ஆறடி இறங்கியது. மீற்றரை வைத்துப் பார்த்தேன், எர்த் அருமையாக இருந்தது. சந்தோஷத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சேற்றுக் கையோடு என்னைத் தள்ளிவிட்டார்.

"பாறைல எங்கயாச்சும் வாழ கொல போடுமா? மீற்றரப் பாக்காம மொதல்ல மரத்தப் பாரு சிவா."

பெயரில்லாத சுவிட்ச்

எல்லாப் பழைய வீட்டிலும் எதற்கென்று யாருக்கும் தெரியாத சுவிட்ச் ஒன்று இருக்கும். இந்த வீட்டில் அது முன்கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை அணைக்கக் கூடாது என்பது சேரின் கட்டளையாம், ஏன் என்று டீச்சரும் கேட்டதில்லையாம். நான் போட்டேன், அணைத்தேன், வீட்டில் ஒன்றும் எரியவும் இல்லை, அணையவும் இல்லை. பகலில் பார்த்ததால் அப்படி. பின்னேரம் பழைய வரிசையோடு அதையும் வெட்டிவிட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் கீழ் வீட்டு மெனிக்கே மூச்சு வாங்க மேலே வந்தார். படியில் லைட் எரியவில்லை, பிள்ளை விழப் பார்த்தது என்றார். அறுபது படிக்கும் நடுவில் ஒரு கம்பத்தில், இருட்டினால் தானே எரிகிற பல்ப் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்த வீட்டிலிருந்து வயர் போயிருக்கிறது. நான்கு வீட்டுச் சனம் இத்தனை வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. நான் வேறொன்றையும் பார்க்காமல், புது வரிசையிலிருந்து முதல் வேலையாக அதற்கு இணைப்புக் கொடுத்தேன். எருமை என்று கத்தின வாய்க்கு அதுவாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. டீச்சர் வாசலில் நின்று, எரிகிற லைட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அரசாங்கத்து லைட்டுன்னுல்ல நெனச்சிருந்தேன். ஒரு வார்த்த சொன்னாரா பாருங்க இந்த மனுஷன்."

வியாழக்கிழமை பகல்

பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது கடைசி ஸ்க்ரூவை முறுக்கினேன். சேரையும் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு வேன் கீழே வந்து நின்றது. சேரைக் கதிரையில் உட்கார வைத்து, நானும், நானாவும், வேன் டிரைவரும், மெனிக்கேயின் கணவரும் நான்கு பக்கம் தூக்கினோம். டீச்சர் சின்ன ஒக்சிஜன் சிலிண்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கூடவே ஏறினார். ஆளில் கனமே இல்லை. கதிரைதான் கனத்தது.

கட்டிலில் சாய்த்துவிட்டு மெஷினைப் பூட்டினேன். மூன்று துளைப் பிளக், அதற்கென்றே தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச். மெஷின் சுவிட்சைப் போட்டேன். எங்கேயாவது ஒரு கசிவு இருந்தால் ட்ரிப் விழும், விழுந்தால் சிலிண்டர் ஒரு மணித்தியாலம்தான். மெஷின் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது. ட்ரிப் விழவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். சேரின் உதட்டில் இருந்த நீலம் மெல்லக் குறைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அப்போதுதான் சேர் சுற்றிப் பார்த்தார். புது சுவிட்ச், பூசி இன்னும் காயாத சுவர், மரச்சட்டம் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்லாக சேர் என்னிடம் கேட்டார், பழசெல்லாம் கழற்றியாச்சா? கழற்றியாச்சு சேர் என்றேன். இனிக் கத்துவார் என்று நான் ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. பிளாஸ்டர் ஜொயின்ட் எத்தனை எடுத்தீர்கள் என்றார். முப்பத்தொன்பது என்றேன். விரலை ஆட்டினார். நாப்பத்தொண்ணு, குசினிக்கு மேல இன்னும் ரெண்டு இருக்கு, அதுதான் இருக்கிறதிலேயே மோசம், மெழுகுதிரி வெளிச்சத்தில போட்டது என்றார். நான் நிமிர்ந்து குசினிப் பக்கத்துச் சீலிங்கைப் பார்த்தேன். பிறகு, இந்தப் புது வயர் எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டார். யாரும் கை வைக்காவிட்டால் நாற்பது வருஷம் சேர் என்றேன். மூக்கில் இருந்த குழாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அவ்வளவு வேணாம் தம்பி. எனக்கு வேண்டியத நான் எடுத்துக்கிறேன், மிச்சத்த இவளுக்கு விட்டுட்டுப் போறேன்."

டெஸ்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் வீட்டு வயரை இழுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இருபத்திரண்டு வருஷ அனுபவசாலியான எனக்கு, நான் எருமை என்று திட்டின மனுஷன்தான் சொல்லித் தர வேண்டியிருந்தது.